பத்து மாங்கன்றுகளும் ஒரு பூட்டிய அறையும்

இரண்டாயிரமாவது ஆண்டு மே மாதம் தலைநகர் சூவாவில் ஆட்சி கவிழ்ந்த பிறகு, ஃபிஜியின் மேற்குக் கரைத் துறைமுகம் ஒன்றின் தாவர ஆய்வு அலுவலகத்தில் எவரும் எழுதிவைக்காத விதி ஒன்று நடைமுறைக்கு வந்திருந்தது: "போகிறேன்" என்று யாரும் சொல்வதில்லை; "போகிறீர்களா?" என்று யாரும் கேட்பதில்லை. வீட்டை விற்றுவிட்டு ஆக்லாந்தில் குடியேறியவர்களைக்கூட, "விடுமுறைக்குப் போயிருக்கிறார்கள்" என்றே அலுவலகம் குறிப்பிட்டது.

அந்த விதியை மற்ற எவரையும்விடப் பக்தியோடு கடைப்பிடித்தவள் ஆய்வாளர் இந்திராவதி. அவளுடைய மேசை இழுப்பறையில், பழுப்பு உறை ஒன்றுக்குள், நியூசிலாந்துக் குடியேற்ற விண்ணப்பம் படுத்திருந்தது. அனுபவச் சான்றிதழில் மேலதிகாரி பொன்சாமியின் கையெழுத்து மட்டுமே பாக்கி. அன்று மாலை நான்கு மணிக்குக் கூரியர் வண்டி வரும். அதைத் தவறவிட்டால் விண்ணப்பத்தின் கெடு முடிந்துவிடும்.

அந்த நாள் பார்த்துத்தான் பிரிஸ்பேனிலிருந்து பத்து ஒட்டு மாங்கன்றுகள் வந்திறங்கின. பெறுநர், சாட்சாத் பொன்சாமியே.

"ட்ராசாவுல இருக்கிற நம்ம வீட்டுல நடப்போறேன் இந்திரா," என்றார் அவர், அலுவலகம் முழுவதும் கேட்கும்படி. "காய்க்க நாலு வருசம் ஆவும். ஆவட்டுமே. நான் இங்கதானே இருக்கப்போறேன்?"

இந்திராவதி முதல் கன்றின் இலையைத் திருப்பிப் பார்த்தாள். நரம்போரமெல்லாம் பஞ்சுத் துணுக்குகளாய் மாவுப்பூச்சி. சட்டப்படி பத்தையும் எரிக்க வேண்டும். எரித்த கையோடு அவரிடமே சான்றிதழை நீட்ட முடியுமா?

பெட்டியை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து, சோப்பு நுரையும் பழைய பல் பிரஷுமாக இலை இலையாகத் தேய்க்கத் தொடங்கினாள். பூச்சி போயிற்று. நுரை வேர்வரை இறங்கியது. ஈரம் பட்ட மண்ணுக்குள்ளிருந்து எறும்புகள் அணிவகுத்துப் புறப்பட்டுத் தேநீர் மேசைச் சர்க்கரை டப்பாவை நோக்கி நடந்தன. டப்பாவை அவள் நகர்த்தினாள். எறும்புகள் திசை மாறி, இளநிலை ஆய்வாளன் கிருனேஷின் ரொட்டியில் ஏறின.

ஆறு மாதப் பணியில் ஒரு பூச்சியையும் பிடித்திராத கிருனேஷ், பூதக்கண்ணாடியில் பார்த்துப் பரவசமடைந்தான். இது ஃபிஜி எறும்பே அல்ல என்று ஹிந்தியில் கூவிக்கொண்டு பொன்சாமியிடம் ஓடினான். அறையை முத்திரையிட்டு நச்சுப்புகை அடிக்கும் ஆணை உடனே தயாரானது, நான்கு பிரதிகளில்.

இந்திராவதிக்குப் பொறி தட்டியது. ஐந்தாவது தாளாகத் தன் சான்றிதழைச் செருகினாள். பதற்றத்திலிருந்த பொன்சாமி ஐந்திலும் கையெழுத்திட்டார். வெற்றி! சான்றிதழை உறையிலிட்டு, உறையை இழுப்பறையில் வைத்து, கூரியர் வரும் நேரத்தை உறுதிசெய்ய வாசல் தொலைபேசிக்கு ஓடினாள்.

திரும்பி வந்தபோது கதவில் முத்திரை. தேநீர் போடும் பாப்பம்மா உணவுப் பண்டங்களைக் கூடையில் அள்ளி வந்தாயிற்று. முகமூடி ஆட்கள் புகையைத் திறந்துவிட்டாயிற்று. இனி இருபத்துநான்கு மணிநேரம் எவரும் நுழைய முடியாது.

"அண்ணே, என் கைப்பை உள்ள இருக்கு," என்றாள் இந்திராவதி.

"சட்டம்னா சட்டம்மா," என்றார் பொன்சாமி. இரண்டு நிமிடம் கழித்து அவரே கதவை முறைத்தபடி, தம் குடை உள்ளே மாட்டிக்கொண்டதே என்று அங்கலாய்த்தார். வானத்தில் மருந்துக்கும் மேகமில்லை. கிருனேஷ் தன் டிபன் டப்பாவை எடுத்தே தீரவேண்டும் என்றான். கழுவிய டப்பா அவன் கையிலேயே சொட்டிக்கொண்டிருந்தது. மூவரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஒருவர் பார்ப்பதை மற்றவர் பார்க்காதபடி பார்த்தார்கள்.

சரியாக நான்கு மணிக்குக் கூரியர் வண்டி முற்றத்தில் திரும்பியது. இந்திராவதியின் கண் நிறைந்தது.

பாப்பம்மா கூடையைக் கீழே வைத்து, சர்க்கரை டப்பாவுக்கு அடியிலிருந்து மூன்று பழுப்பு உறைகளை எடுத்தாள்.

"மருந்து பட்டா வீணாப்பூடுமேன்னு மேசை இழுப்பறைங்கள்ல இருந்த இதுங்களையும் எடுத்தாந்துட்டேன். கிருனேஷு, இது உன்னுது. இந்திரா, இந்தா உன்னுது." மூன்றாவதை உள்ளங்கையில் நிறுத்தி எடைபார்த்தாள். "பொன்சாமி அண்ணே, உங்களுதுதான் ரொம்ப கனம். குடும்பத்தோட எல்லாரும் ஒண்ணாவே போறீங்களா?"