லியோத்தாவுக்குப் பக்கத்து இடம்

சாலேம் மேடு, டொபாகோ
உயிர்த்தெழுதல் பண்டிகை முடிந்த செவ்வாய்

கர்த்தருக்குள் அருமையான ஜோசெட்டுக்கு,

பக்கத்து வீட்டு எல்மீரா பாட்டி எழுதுகிறேன். டொராண்டோ குளிரில் நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் மூக்கு ஒழுகாமல் சுகமாயிருக்க ஆண்டவர் கிருபை செய்வாராக. இங்கே என் முழங்கால், இடுப்பு, நெஞ்சு, இடது காது ஆகியவை நீங்கலாக மற்றதெல்லாம் சுகம், ஸ்தோத்திரம்.

உன் கடிதம் கிடைத்தது. உன் பாட்டி லியோத்தா போய் ஒரு வருஷம் ஆகிறபடியால் ஆலயத்தில் நன்றி ஆராதனை வைக்கப்போகிறாய், அதில் வாசிக்க அவளுடைய குடும்பம், விசுவாசம், ஊழியம் பற்றி நான் நாலு வரி எழுதித் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறாய். எழுதுகிறேன், கண்ணு. ஆனால் பதிலுக்கு நீ எனக்கு ஒரு உபகாரம் செய்யவேண்டும். நம்முடைய போதகருக்கு உடனே ஒரு கடிதம் போட்டு, எல்மீரா டோபி செத்தால் அவளை எங்கள் பாட்டிக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டாம் என்று குடும்பத்தின் சார்பில் கேட்டுக்கொள்.

பதறாதே, காரணம் சொல்கிறேன். நம் மொரேவிய சபைக் கல்லறைத்தோட்டத்தின் வழக்கம் உனக்குத் தெரியும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். புருஷன் பெண்டாட்டி என்றோ தாய் மகள் என்றோ சேர்த்து வைக்கிற பேச்சே கிடையாது, யார் அடுத்துப் போகிறார்களோ அவர்களுக்கு வரிசையில் அடுத்த குழி. பணக்காரிக்கும் அதே தட்டைக் கல், பரதேசிக்கும் அதே தட்டைக் கல். இந்த ஒரு வருஷத்தில் ஆண்கள் பக்கம் சரசரவென்று நிரம்பிவிட்டது, பெண்கள் ஒருத்தியும் அசையவில்லை. ஞாயிறு விடியற்காலை எல்லோரும் கல்லறைகளுக்கு நடுவில் நின்று உயிர்த்தெழுதல் பாட்டுப் பாடும்போது நான் உன் பாட்டி தலைமாட்டில் நின்றேன். பாடிக்கொண்டே பக்கத்தில் பார்க்கிறேன், அங்கே சும்மா புல் முளைத்துக் கிடக்கிறது, நீளமும் அகலமும் அச்சு அசல் எனக்கு வெட்டிவைத்த மாதிரி. ஜோசெட்டு, நான் பாட்டை விட்டுவிட்டு அந்த இடத்தைக் காலடியால் அளந்து பார்த்தேன். சுகாதார நிலையத்து டாக்டர் போன மாதம்தான் என் இருதயத்தைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கி, உப்புப் போட்ட பன்றிவாலைக் கண்ணாலும் பார்க்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

உன் பாட்டி மேல் எனக்கு என்ன கோபம் என்று கேட்பாய். கோபம் இல்லை, அம்மா, அசதி. அவள் தானதர்மம் செய்தாள், ஊழியம் செய்தாள் என்று ஊரே புகழ்கிறது. நானும் புகழ்கிறேன், இவளைப் போல இன்னொருத்தியை இந்தத் தீவு பார்க்கவில்லை. ஆனால் அவள் தானம் செய்தது எதை? என் சாமான்களை! அறுப்பின் பண்டிகைக்குப் போட்டுக்கொள்ள போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து கப்பலில் ஒரு ஜோடி வெள்ளைச் செருப்பு வரவழைத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். சனிக்கிழமை ஒரு ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்குப் போய் உட்கார்ந்தால், மணவாட்டி நடந்து வருகிறாள், காலில் என் செருப்பு. நான் உன் பாட்டி விலாவில் இடித்தேன்.

“என்னடி இது?”

“அளவு சரியா இருந்துச்சு எல்மீரா. அந்தப் புள்ள வெறுங்காலோட வந்து ஆண்டவர் முன்னால நிக்கணுமா? நீ பெஞ்சுல உக்காந்துதான இருக்கப்போற, உன் கால எவ பாக்கப்போறா?”

சரி, இது போகட்டும். ஃப்ளோரா புயலில் அவளுடைய மண் அடுப்பு கரைந்து போனது. மறுபடி கட்டுகிறவரைக்கும் உன் அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொள்கிறேன் என்றாள். மறுபடி கட்டவே இல்லை. வாரா வாரம் சனிக்கிழமை என் முற்றத்தில், என் விறகில், ஊரில் படுக்கையில் கிடக்கிற அத்தனை பேருக்கும் தேங்காய் ரொட்டி சுட்டாள். அறுப்பின் பண்டிகை அன்று வீட்டுக்கு வந்த யாரையும் சாப்பிடாமல் அனுப்பக்கூடாது என்பது நம் ஊர் மரியாதை. உன் பாட்டி வாசலில் நின்றுகொண்டு, வருகிற முகம் தெரியாத ஆட்களுக்கெல்லாம் என் வீட்டைக் கை காட்டுவாள், “அங்க போங்க, எல்மீரா நண்டும் மாவுருண்டையும் நல்லா வச்சிருக்கா”. அவர்கள் நக்கி வைத்துவிட்டுப் போன சட்டியின் அடியைச் சுரண்டித்தான் நானும் என் பிள்ளைகளும் பண்டிகை கொண்டாடுவோம்.

அவள் விசுவாசத்தைப் பற்றியும் எழுதச் சொன்னாயே. விசுவாசம் மலை போல, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஜெபம்? புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது உன் பாட்டி எழுந்து நின்று, “ஆண்டவரே, கூரை ஒழுகுற வீட்டுல நனையுற அந்த விதவைய நினைச்சருளும். எல்மீரா வீட்டுப் பின்னால சும்மா சாத்தி வச்சிருக்குற நாலு தகரத்தையும் நீர் அறிவீர். அவ மனசத் தொடும் சாமி, இன்னைக்கே தொடும்” என்று குரல் உடைந்து கேட்பாள். கண்ணைத் திறந்தால் சபை முழுக்க என்னைப் பார்க்கிறது. மனசு தொடப்படாமல் வெளியே போக முடியுமா? நானே தகரத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டேன். ஆணியும் என்னுடையதுதான்.

ஃப்ளோரா என்றதும் அந்தக் கதவு நினைவுக்கு வருகிறது. புயல் அன்று என் வீட்டுக் கூரை பறந்து கடலுக்குப் போனது, நான் மேஜைக்கு அடியில் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு கிடக்கிறேன். காற்று இன்னும் முழுசாக அடங்கவில்லை, உன் பாட்டி கையில் கடப்பாரையோடு வந்து நிற்கிறாள். காப்பாற்ற வந்திருக்கிறாள் என்று கையை நீட்டினேன். அவள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாசல் கதவை நெம்புகிறாள்!

“ஏ லியோத்தா, வீட்டுல மிஞ்சினது அது ஒண்ணுதான்டி!”

“கூரையே இல்ல, கதவ வச்சு யாரத் தடுக்கப்போற? மேட்டுல ஒருத்தி வலி எடுத்துத் துடிக்குறா. தூக்கிட்டுப் போக வேணும், அந்தப் பக்கம் பிடி!”

பிடித்தேன். அவள் சொன்னால் கை தானாகப் போகும், அதுதான் என் தலையெழுத்து. விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி அந்தப் பெண்ணைக் கதவில் கிடத்தித் தூக்கிக்கொண்டு போனோம், ஆலயத்துச் சுவரோரம் போய்ச் சேர்வதற்குள் கதவிலேயே ஆண்பிள்ளை பிறந்துவிட்டது. அந்தப் பிள்ளைதான் இன்றைக்கு நம்முடைய போதகர். என் கதவில் பிறந்த மனுஷன், நான் போய்க் கேட்டால் எனக்குச் சட்டம் பேசுகிறார்.

“எல்மீராம்மா, வரிசைய மாத்த எனக்கு அதிகாரம் இல்லீங்க. இருநூறு வருஷத்து வழக்கம்.”

“ஒரே ஒரு குழி விட்டுத் தள்ளி வைங்க ஐயா, நடுவுல கொஞ்சம் காத்தாடட்டும்.”

“லியோத்தாம்மா குடும்பத்துல எழுதிக் கேட்டா மூப்பர்கள் கூட்டத்துல வச்சுப் பாக்குறேன். அதுவுமில்லாம நீங்கதான் அடுத்துன்னு யாரு சொன்னா? இமெல்டாம்மாவுக்கும்தான் உடம்பு சரியில்ல.”

இமெல்டாவை உனக்கு நினைவிருக்கும், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எதற்கும் “சரிங்க, சரிங்க” என்று தலையாட்டுகிற மெலிந்த பெண். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. இமெல்டா அங்கே படுத்தால் இரண்டு பேருக்கும் நிம்மதி. நான் படுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். கடைசி எக்காளம் ஊதும், கல்லறைகள் திறக்கும், நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்திருக்குமுன் உன் பாட்டி, “எல்மீரா, அந்த வெள்ளை அங்கியக் கழட்டு, அந்தக் கோடில ஒருத்தி அங்கி இல்லாம நிக்குறா” என்பாள். எனக்கு மரணத்துக்குப் பிறகாவது கொஞ்சம் ஓய்வு வேண்டாமா?

குடும்பத்தைப் பற்றி எழுதாமல் விட்டால் நீ வருத்தப்படுவாய். உன் தாத்தா மீன் பிடிக்கப் போய்த் திரும்பி வராத நாளில் உன் அம்மா கைக்குழந்தை. பாட்டி ஒரே ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். மறுநாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் தலை சீவி, கஞ்சி போட்ட சட்டை மாட்டி, ஆலயத்தில் முன் பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்தாள். செத்துப்போன தங்கையின் பிள்ளைகளையும் அதே வரிசையில் சேர்த்தாள், எது அவள் பெற்றது எது சேர்த்தது என்று பிள்ளைகளுக்கே குழப்பம் வரும் அளவுக்கு ஒரே மாதிரி அடித்து ஒரே மாதிரி ஊட்டி வளர்த்தாள். அவர்களில் ஒருத்தரும் சோடை போகவில்லை.

இதை நீ ஆராதனையில் வாசிக்கலாம். என் வீட்டுக்காரர் கைகால் விழுந்து படுத்தாரே, எனக்கு இடுப்பு ஒத்துழைக்கவில்லை, அவரைப் புரட்டிப் போட முடியாது. கேட்காமலே உன் பாட்டி காலையில் வந்துவிடுவாள். அவரைத் துடைத்து, துணி மாற்றி, முகச்சவரம்கூடச் செய்துவிட்டுப் போவாள். பெரிய திமிர்பிடித்த மனுஷர், யாரும் தொட விடமாட்டார், அவளிடம் ஆட்டுக்குட்டி மாதிரி கிடந்தார். அவர் கண் மூடுகிறவரைக்கும் ஒரு காலையும் தவறவில்லை. இதைப் பற்றி ஊரில் ஒருத்தரிடமும் அவள் மூச்சு விடவில்லை, ஜெபத்தில்கூடச் சொல்லவில்லை. அடக்கத்தன்று என் தோளைப் பிடித்து, “நீ அழுதுக்கோ. அடுப்ப நான் பாத்துக்கறேன்” என்றாள். அவள் நல்லவள், ஜோசெட்டு. எனக்குத் தெரிந்த மனுஷரில் அவள்தான் நல்லவள். அதற்காகக் காலாகாலத்துக்கும் பக்கத்தில் படுக்க முடியுமா?

இதில் இன்னொரு கூத்து. அவள் கடைசியாகக் கிடந்தபோது என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். நானும் மனம் உருகி, ஏதோ மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்று குனிந்தேன். “பக்கத்து எடம் உனக்குத்தான். வேற எவளையும் படுக்க விட்டுடாத. ரொம்பச் சுணங்காத” என்கிறாள். உயிரோடு நிற்கிறவளிடம் பேசுகிற பேச்சா இது? ஆகவே தயவுசெய்து போதகருக்கு எழுது. நன்றி ஆராதனைக்கு வரும்போது பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை எடுத்து வராதே, வெயில் கொளுத்துகிறது. உன் கைவேலையையும் உன் வீட்டையும் தேவன் ஆசீர்வதித்து, எங்கள் முகத்தை நீயும் உங்கள் முகத்தை நாங்களும் இன்பமாய்ப் பார்க்கச் செய்வாராக.

இப்படிக்கு,
உன் பாட்டியால் உடைமையெல்லாம் உருவப்பட்ட,
எல்மீரா டோபி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. நேற்று இமெல்டா குழாயடியில் மயங்கி விழுந்து, நம் தீவின் ஸ்கார்பரோ ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். கடை வாசலில் ஒருத்தி, “பாவம், லியோத்தாவுக்குப் பக்கத்துல இமெல்டாதான் போல” என்று சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு நெஞ்சில் சுரீர் என்றது, அது டாக்டர் சொன்ன நோய் இல்லை. நேராகப் போதகரிடம் போனேன். “நீங்கதானம்மா வேண்டாம்னீங்க?” என்கிறார். “என் கதவுல பொறந்தவரே, அது செவ்வாய்க்கிழமை, இன்னைக்கு வெள்ளி” என்றேன். இமெல்டா நல்லவள்தான், ஆனால் அவளிடம் பிடுங்க என்ன இருக்கிறது? லியோத்தா எது சொன்னாலும் “சரிங்க” என்பாள், திருப்பி ஒரு வார்த்தை சண்டை போடமாட்டாள். அந்த அமைதியில் உன் பாட்டி எப்படி இருப்பாள், சொல்லு? அதனால் மேலே நான் கேட்டதைப் போதகருக்கு எழுதாதே. அந்த இடம் என்னுடையது, யாருக்கும் விட்டுத் தரமாட்டேன் என்று எழுது. அவசரமாகப் போய்ச் சேர எனக்கும் மனமில்லை என்பதால், இமெல்டாவைப் பிழைக்க வைப்பது ஒன்றுதான் வழி. சூப் கொதித்துவிட்டது, தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போகிறேன், அவள் எழுந்து நடக்கிறவரைக்கும் தினமும் போவேன். நல்ல கொழுத்த கோழி. எதிர்வீட்டுக்காரர்களுடையது, அவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.