வட்டம் போடாத பாய்

பெரம்பலூரில் பிறந்தவர்கள், பிழைக்க வந்தவர்கள், மாற்றலாகி வந்து மூன்று வருடம் புலம்பியவர்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தாலும், வட்டத்தை இவ்வளவு வெறுத்த இன்னொரு மனிதரைக் கண்டுபிடிக்க முடியாது. நாங்கள் அவருக்கு வைத்த பெயர் நேர்கோடு பாய். அன்றன்று பெய்த தூறலைக்கூட நாட்குறிப்பில் ஏற்றிவிடும் நான், அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளத் தவறிவிட்டேன். 2006ஆம் வருடத்து நோட்டில் ஏப்ரல் தொடங்கி எங்கு பார்த்தாலும் ‘நே.பா.’ என்றுதான் இருக்கிறது.

நான் அப்போது வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கையில் காலி வாளியும் தோளில் துணிப்பையுமாக ஒருவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, நெற்றி நிறைய வியர்வை.

“சார், வெளிய நிக்கிற ஜீப்பக் கழுவிக் காட்டட்டுமா? காசு வேணாம். ஒரு வாளித் தண்ணி மட்டும் குடுங்க.”

நல்ல கோடை. எங்கள் அலுவலகத்து ஆழ்குழாய் அப்போது காற்றைத்தான் இறைத்துக்கொண்டிருந்தது. ஜீப் டிரைவர் கோவிந்தன் வாசலிலிருந்தே சிரித்தான்.

“ஒரு வாளியிலயா? அதுல என் ஜீப்பு வாய்தான் கொப்புளிக்கும் பாய்.”

“அர வாளியே போதும் தம்பி. ஜீப்புக்கு மரியாத குடுக்கணும்னு ஒரு வாளி கேட்டேன்.”

பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் வண்டி கழுவும் வேலை. அங்கே குழாய் வைத்துத் தண்ணீர் அடிக்கக் கூடாதாம். ஆளுக்கு ஒரு வாளி, ஒரு மூடி மருந்து, ஒரு கட்டுத் துணி. மூன்று மாத விடுப்பில் வருபவர்கள் கம்பளியும் செண்டும் கொண்டுவருவார்கள். அப்படி வந்திருந்த இவர் ஆறு பாட்டில் வண்டி கழுவும் மருந்தைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

ஜீப்பை வேப்பமர நிழலுக்குத் தள்ளச் சொன்னார். புறங்கையால் பானெட்டைத் தொட்டுப் பார்த்து, “காய்ச்சல் அடிக்குது, ஆறட்டும்” என்று அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். பிறகு வாளித் தண்ணீரில் ஒரே ஒரு மூடி மருந்தை ஊற்றிக் கலக்கினார். சிறு குப்பி ஒன்றில் அதே தண்ணீரை நிரப்பி ஜீப்பின் கூரையில் தெளித்து, “ஊறட்டும்” என்றார். வாளியில் நனைத்த துண்டு ஒன்றை எடுத்து லேசாகப் பிழிந்து, எட்டு முகம் வரும்படி மடித்தார். அழுத்தாமல், முன்னாலிருந்து பின்னால் ஒரே இழுப்பு. உடனே துண்டைத் திருப்பி அடுத்த முகம், அடுத்த இழுப்பு. எட்டு முகமும் அழுக்கானதும் அந்தத் துண்டு ஓரமாகப் போய்விடும்; மறுபடி வாளிக்குள் இறங்காது. பின்னாலேயே ஓர் உலர்ந்த துண்டு வந்து ஈரத்தை வாங்கிக்கொள்ளும். கூரை முடிந்து கண்ணாடி, கதவு என்று கீழே இறங்கி, சக்கரம் கடைசி.

“நொரையே காணுமே பாய். நொர இல்லாம அழுக்கு எப்புடிப் போவும்?” என்றான் கோவிந்தன்.

“நொர கண்ணுக்கு அழகு தம்பி. வேல பாக்குறது வழுக்கு. இந்த மருந்து தூசியச் சுத்திப் புடிச்சிக்கும், பெயிண்ட்ட ஒரச விடாது. நீ வட்டம் போட்டுத் தேச்சன்னு வையி, அதே தூசி உப்புத்தாளாயிடும். நேரா விழுந்த கீறலு ஒரு பக்கம் நின்னாத்தான் தெரியும். வட்டக் கீறலு எங்க நின்னாலும் வெயில்ல பல்லக் காட்டும்.”

அன்று மதியம் வட்டாட்சியர் வெளியே வந்து, ஜீப்புக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, “நம்ம ஜீப்பு எங்கய்யா?” என்று கேட்டார்.

அதன் பிறகு பாய் கழுவ வண்டி தேடித் தினமும் பஸ் பிடித்து வந்தார். வண்டிகள் கிடைக்கவில்லை, வட்டங்கள் கிடைத்தன. எதிர் டீக்கடையில் மாஸ்டர் ஈரத்துணியால் மேசையைச் சுற்றிச் சுற்றித் துடைப்பதைப் பார்த்துத் துடித்துப்போனார்.

“மாஸ்டர், அழுக்க எடுக்கிறீங்களா, ஊர்கோலம் வுடுறீங்களா?”

“அப்ப தோசைய எப்புடி ஊத்துறதுங்க பாய்? ஸ்கேல் வெச்சா?”

அன்றிலிருந்து அந்தக் கடையில் பாய் பொங்கல் தவிர வேறு எதையும் சாப்பிடவில்லை. எங்கள் அலுவலகப் பெயர்ப்பலகைமீதும் அவருக்கு வருத்தம் இருந்தது. “எல்லாம் சரிங்க சார், பேருலயே வட்டத்த வெச்சிக்கிட்டு எப்புடித்தான் உக்காந்திருக்கீங்களோ.”

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பாய் வேறு ஆள். தொழுகை முடிந்ததும் டீக்கடையை ஒட்டிய டெலிபோன் பூத்துக்குள் புகுந்துகொள்வார். கால் மணி நேரம் குனிந்து, குழைந்து, குரலை மாற்றிப் பேசுவார். நான்கு வெள்ளிக்கிழமைகளைக் குறித்துவைத்த பிறகு, பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“துபாய்க்கா பாய்?”

“வூட்டுக்கு சார்.”

“காலையிலதானே வூட்டுலேருந்து வந்தீங்க?”

பாய் ரிசீவர் பிடித்த கையைக் கைலியில் துடைத்தார், மேலிருந்து கீழாக.

“எம் பொண்ணுக்கு நாலு வயசு. அவ பொறந்தப்ப நான் அங்க இருந்தேன். வெள்ளிக்கெழம போன்ல பேசுற அத்தாவத்தான் அவளுக்குத் தெரியும். நேர்ல வந்து நிக்கிறேன், கிட்ட வர மாட்டேங்கறா. வெள்ளிக்கெழமயானா போன் பக்கத்துல போயி உக்காந்துக்கறா, அத்தா பேசுவாருன்னு. நான் பக்கத்துலயே இருக்கேன் சார்! அதான் இங்க வந்து பேசுறேன்.”

“என்ன பேசுவா?”

“போன வாரம் சொல்றா, ‘அத்தா, நம்ம வூட்டுக்கு ஒருத்தரு வந்துருக்காரு. எப்பப் பாத்தாலும் மேசயத் தொடச்சிக்கிட்டே இருக்காரு. அவரு எப்ப ஊருக்குப் போவாரு?’ன்னு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது. பாயின் டிக்கெட் ஜூலை முதல் வாரம். அதற்குள் இங்கே நிலையாக ஒரு வேலை அமைந்தால் இருப்பார். இல்லையென்றால் விமானம் ஏறி, மகளுக்கு மறுபடி போன் அத்தா ஆகிவிடுவார்.

எனக்குத் தெரிந்த பெரிய இடம் ஒன்றே ஒன்றுதான்: எங்கள் தெருமுனையில் ஆஸ்பத்திரி நடத்திய டாக்டரம்மா. புதிதாகக் கறுப்புக் கார் வாங்கி, ஒரு விரல்ரேகை பட்டாலும் நர்சுகளைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் போய் பாயைப் பற்றிச் சொன்னேன்.

“ஒரு வாளியிலயா? ஞாயித்துக்கெழம வரச் சொல்லுங்க. நல்லாக் கழுவிட்டாருன்னா பின்னாடி ஷெட்ட அவரே வெச்சிக்கட்டும். இங்க வந்து போற டாக்டருங்க வண்டி அத்தனையும் அவருக்குத்தான்” என்றார்.

ஜூன் மாத ஞாயிறு. முதல் நாள்தான் டாக்டரம்மா பெருமாளைச் சேவிக்கக் கல்லங்குறிச்சி போய்வந்திருந்தார். அரியலூர்ச் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகளின் பின்னாலேயே வந்து, வழியில் மழையும் பிடித்துக்கொள்ள, காரின் கறுப்பு நிறத்தை நினைவிலிருந்துதான் சொல்ல வேண்டியிருந்தது. வெள்ளைச் சேறு அப்பிக் காய்ந்திருந்தது. செய்தி பரவி மாஸ்டர், கோவிந்தன், கம்பவுண்டர், நடக்க முடிந்த நோயாளிகள் எல்லாரும் கூடியிருந்தார்கள்.

பாய் காரைச் சுற்றி வந்தார், மூலைக்கு மூலை நின்று திரும்பி. ஒரு விரலால் சேற்றைத் தொட்டு நசுக்கிப் பார்த்தார். பிறகு வாளியைக் கீழே வைத்தார்.

“முடியாதுங்கம்மா.”

டாக்டரம்மா வாளியைக் காட்டிக் கேட்டார்.

“ஒரு வாளி போதும்னு ஊரெல்லாம் சொன்னீங்களாமே?”

“தூசிக்குப் போதும்மா. இது சேறு, உள்ள கல்லுப்பொடி நறநறங்குது. மொதல்ல மூணு கொடம் தண்ணி ஊத்தி இத எறக்கணும். அப்பறந்தான் என் வாளி.”

கூட்டம் கொண்டாடிவிட்டது. “தண்ணியே வேணாம்னவரு தண்ணி கேக்குறாருடோய்!” என்றார் மாஸ்டர். கோவிந்தன் இதுதான் சமயம் என்று, “இதுக்குப் போயி மூணு கொடமா? நவுருங்க” என்று தோள்துண்டை வாளியில் முக்கிப் பின்கதவில் அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றினான்.

“வட்டம்!” என்று பாய் அலறினார். பாம்பு என்று கத்தினால்கூட கோவிந்தன் அவ்வளவு தூரம் குதித்திருக்க மாட்டான். சேறு விலகிய இடத்தில் கறுப்பு தெரிந்தது. அதன்மேல் சாம்பல் நிறத்தில், ஒரு தட்டு அளவுக்கு, மெல்லிய கீறல்களால் ஆன அழகான வட்டமும் தெரிந்தது.

பாய் டாக்டரம்மா பக்கம் திரும்பினார்.

“அம்மா, ஒருத்தன் ரோட்டுல வுழுந்து முட்டியில மண்ணோட வர்றான். பஞ்ச வெச்சுத் தேய்ப்பீங்களா, தண்ணி ஊத்துவீங்களா?”

டாக்டரம்மா கதவைப் பார்த்தார். கோவிந்தனைப் பார்த்தார். கோவிந்தன் நோயாளிகளின் வரிசையில் போய் நின்றுகொண்டான்.

“தண்ணிதான் ஊத்துவேன்” என்றார் டாக்டரம்மா. “கம்பவுண்டர், மூணு கொடம் கொண்டாங்க. பாய், முடியாதப்ப முடியாதுன்னு சொல்ற ஆளு எனக்கு இங்க ஒருத்தருமில்ல. ஷெட்டச் சாயங்காலமே தெறந்து பாத்துக்குங்க.”

மூன்று குடம், பிறகு ஒரு வாளி. காரில் என் முகம் தெரிந்தது. சவரம் சரியில்லை என்பதும் தெரிந்தது. அந்தக் கீறலை மட்டும் டாக்டரம்மா கடைசிவரை சரிசெய்யவில்லை. அதற்குக் ‘கோவிந்தன் வட்டம்’ என்று பெயர் நிலைத்தது. நானறிந்து எங்கள் மாவட்டத்தில் அரசாணை இல்லாமல் உருவான ஒரே வட்டம் அதுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை பாய் பூத்துக் கதவைச் சாத்த மறந்திருந்தார்.

“அத்தா பேசுறேன்மா... டிக்கெட்டு வேணாம்னுட்டேன்... இல்லம்மா, இன்னமே போன் வராது... அழுவாதம்மா, போன் வராது, நான் வருவேன்... ஆமா, அந்த மேச தொடைக்கிறவருதாம்மா அத்தா...”

வெளியே வந்தவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். ஒரு முகம், ஒரு இழுப்பு.

2007 நவம்பரில் அரியலூர் இரண்டாவது முறையாகத் தனி மாவட்டமானது. எனக்கு அங்கே மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு முந்தைய மாலை ரவுண்டானா அருகில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஒரு மொபெட் ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டிருந்தது. முன்னால் நின்றபடி ஒரு சிறுமி, பின்னால் கைலியை மடித்துக் கட்டிய நேர்கோடு பாய்.

“பாய்! வட்டம்!” என்று கத்தினேன்.

“என்னங்க சார் பண்றது, இவ வுட மாட்டேங்கறா!”

“அத்தா, இன்னொரு சுத்து!” என்றாள் அவள்.

நாட்குறிப்பில் அன்று ‘நே.பா., ஏழு வட்டம்’ என்றிருக்கிறது. அதற்குமேல் எண்ண முடியாமல் என் கண்ணில் என்னவோ பட்டுவிட்டது. தூசி என்று எழுதி வைத்திருக்கிறேன்.