அரிசித் தகரத்தில் ஒரு சுருட்டுப் பெட்டி

என் மனைவி செகப்பிக்குத் தெரியாமல் இந்த வீட்டில் ஒரே ஒரு பொருளையாவது ஒளித்து வைத்துக் காட்டுவது என்று சபதம் எடுத்தேன். வாய்க்குள்ளேயேதான் எடுத்தேன். அவள் பக்கத்து அறையில் இருந்தாள்.

எங்கள் செட்டிமாரில் மலாயாவுக்குக் கப்பல் ஏறுகிறவன் ஆச்சியை, அதாவது பெண்டாட்டியை, ஊரில் விட்டுவிட்டுத்தான் ஏறுவான். பெரியவர்கள் காரணம் இல்லாமல் ஒரு வழக்கத்தை வைக்கமாட்டார்கள். நான் புத்திசாலி. வாய்க்கு ருசியான குழம்புக்கு ஆசைப்பட்டுக் கையோடு அழைத்துவந்துவிட்டேன். சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு செட்டியாருடைய ரப்பர் தோட்டத்தை மேற்பார்வை பார்க்கும் வேலை எனக்கு. குழம்பு ருசிக்கத் தொடங்கிய நேரத்தில் ஜப்பான்காரன் சைக்கிளில் வந்து இறங்கினான். கப்பல் நின்றது. ரப்பர் நின்றது. அரிசி நின்றது. செகப்பி மட்டும் நிற்கவில்லை.

அவள் கண்ணில் பட்ட சாமான் எல்லாம் பண்டமாற்றில் சாப்பாடாக மாறியது. சுவர்க் கடிகாரம் கருவாடானது. என் குடை வெல்லமானது. ஒருநாள் குளித்துவிட்டு வந்தால் பட்டுக்கரை வேட்டியைக் காணோம்.

"செகப்பி, என் வேட்டி எங்கே?"

"இந்தா, வதங்குது."

சட்டியில் கத்திரிக்காய் வதங்கிக்கொண்டிருந்தது.

இவளிடமிருந்து நான் காப்பாற்ற நினைத்தது ஒரு சுருட்டுப் பெட்டியை. பக்கத்துத் தோட்டத்துத் துரை விட்டுப்போனது. ஜப்பான்காரன் ஈப்போவை நெருங்குகிறான் என்றதும் காரைத் தெற்கே திருப்பியவர், என் வாசலில் நிறுத்தி, ஒரு மரப்பெட்டியை என் கையில் திணித்தார். "என் அப்பா வாங்கி வைத்தது. முப்பது வருஷத்துச் சுருட்டு. மெய்யப்பன், இந்த வட்டாரத்திலேயே நான் நம்புகிற ஒரே ஆள் நீதான். நான் திரும்பி வருகிற அன்றைக்குச் சேர்ந்து குடிப்போம்" என்று மலாயில் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே ஆள்!

பெட்டிக்குள் இரண்டு அடுக்கு. நடுவே மெல்லிய பலகை. ஒவ்வொரு சுருட்டின் இடுப்பிலும் சிவப்புக் காகித மோதிரம். நான் நியாயஸ்தன். மேல் அடுக்கு என் காவல் கூலி என்றும், கீழ் அடுக்கு துரை திரும்பி வரும் நாளுக்கு என்றும் பிரித்துக்கொண்டேன். கீழ் அடுக்கைக் கையால் தொடவில்லை. முற்ற முற்றத்தான் ருசி.

எங்கே ஒளிப்பது? அங்கேதான் என் மூளை வேலை செய்தது. அரிசித் தகரம்! நாட்டிலேயே அரிசி இல்லை. மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்கு. அவித்தால் கிழங்கு, இடித்தால் பிட்டு, ஊரில் யாராவது செத்தால் அதற்கும் கிழங்கு. இல்லாத அரிசிக்காக எவள் தகரத்தைத் திறக்கப்போகிறாள்? என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். கை எட்டவில்லை, இருந்தாலும் தட்டினேன்.

குடிப்பதற்கும் இடம் பார்த்துவைத்திருந்தேன். ரப்பர் ஷீட் காயப்போடும் புகைக்கூடம். அங்கே நாலு விறகைக் கொளுத்திவிட்டால் எந்தப் புகை எதிலிருந்து வருகிறது என்று பிரம்மனாலும் சொல்ல முடியாது.

முதல் சுருட்டைப் பற்றவைத்தேன். ஐயா, என்னத்தைச் சொல்ல! புதுச் சுருட்டு தொண்டையைச் செருப்பால் அடிக்கும். இது தடவிக்கொடுத்தது. காரம் இல்லை, கமறல் இல்லை. ஊரில் பர்மாத் தேக்குப் பெட்டியைத் திறந்தால் ஒரு வாசம் வருமே, அது. கொஞ்சம் உலர்ந்த திராட்சை. கொஞ்சம் பாகு. சாம்பல்கூட வெள்ளை வெளேரென்று, விழாமல் நின்றது. உண்மையைச் சொன்னால் வாசம் மெலிசுதான். முப்பது வருஷத்தில் பாதி எழுந்து போய்விட்டது. ஆனால் மீதிப் பாதியைக் கண்ணை மூடித் தேடிப் பிடிப்பதில் ஒரு சுகம் இருந்தது. உலகத்தில் எனக்கு மட்டும் கிடைத்த சுகம் என்று நினைத்தபோது அது இன்னும் கூடியது.

அந்தச் சுகத்தில்தான் இராசையா மண்ணைப் போட்டார்.

இராசையா அடுத்த வீட்டு டிரசர். சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் மருந்து கொடுப்பவர். யாழ்ப்பாணத்துக்காரர். இங்கிலீஷ் தெரியும். ஊசி போடத் தெரியும். ஜப்பான் சிப்பாயின் சொறிக்கு மருந்து போட்டு அரிசி வாங்கவும் தெரியும். இதெல்லாம் போதாதென்று அவருக்குத் தலையில் முடி வேறு இருந்தது.

ஒரு சாயங்காலம் அவர் வராந்தாவில் உட்கார்ந்து புகை விட்டுக்கொண்டிருந்தார். காற்று என் பக்கம் வீசியது. தூக்கிவாரிப்போட்டது. தேக்குப் பெட்டி! திராட்சை! பாகு! வேலியோரம் பூனை மாதிரிப் போய்ப் பார்த்தேன். சுருட்டின் இடுப்பில் சிவப்பு மோதிரம்.

"வாங்கோ செட்டியார், என்ன வேலிக்குள்ள நிக்கிறியள்?"

"சும்மாதான். புடலங்கா காய்ச்சிருக்கான்னு பாத்தேன்."

"இங்க புடலங்கொடியே இல்லையே."

"அதான் பாத்தேன். சுருட்டு நல்லாருக்கும்போல. ஏது?"

"அதைச் சொல்லேலாது செட்டியார். தந்த ஆளுக்கு வாக்குக் குடுத்திட்டன்."

எனக்கு விளங்கிப்போயிற்று. துரை! அந்தப் பாவி துரை இவர் வாசலிலும் காரை நிறுத்தியிருக்கிறார். இவரிடமும் 'ஒரே ஆள்' என்று சொல்லியிருக்கிறார். துரையின் முட்டி வலிக்கு ஊசி போட்டவர் இல்லையா? எனக்கு மலாயில் சொன்னதை இவருக்கு இங்கிலீஷிலேயே சொல்லியிருப்பார்! வயிறு எரிந்தது. மரவள்ளி தின்று ஏற்கனவே எரிந்துகொண்டிருந்த வயிறு.

அன்று ராத்திரி தட்டில் சோறு விழுந்தது. வெள்ளைச் சோறு. நான் தட்டைப் பார்த்தேன், தட்டு என்னைப் பார்த்தது.

"ஏது அரிசி?"

"இராசையா அண்ணன் குடுத்தாரு."

"எதுக்குக் குடுத்தாரு?"

"நல்ல மனசு."

"ஏன், எனக்கு நல்ல மனசு இல்லையா?"

"இருக்கு. அரிசிதான் இல்ல."

சோற்றை உருட்டி விழுங்கினேன். ஒவ்வொரு கவளத்திலும் இராசையாவின் முகம் தெரிந்தது. இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டேன்.

"அண்ணன் சுருட்டு வாசனை அள்ளுதுல்லங்க?" என்றாள் செகப்பி, மோரை ஊற்றிக்கொண்டே.

"என்ன பெரிய வாசனை!"

"ஆத்தீ! சாமி அறை வரைக்கும் வருது. நல்ல பழைய சரக்காம்."

அதற்குப்பிறகு என் சுருட்டு எனக்கு ருசிக்கவில்லை. புகைக்கூடத்தில் உட்கார்ந்து இழுத்தால் வெறும் ரப்பர் வாடைதான் வந்தது. மறுநாள் வேலியைத் தாண்டி வருகிற புகையோ, அடடா! துரை முதல் தரத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு, கழிசலை என் தலையில் கட்டியிருக்கிறார். சந்தேகமே இல்லை. அவருடையது நாற்பது வருஷமாகக்கூட இருக்கும். ராத்திரி தூக்கம் வரவில்லை. பகலில் சோறு மட்டும் இறங்கியது, அதுவும் அவர் வீட்டு அரிசி.

கடைசியில் வெட்கத்தை விட்டுச் செகப்பியிடம் கேட்டேன்.

"செகப்பி, அந்த மனுஷன்கிட்ட சொல்லி ஒன்னே ஒன்னு வாங்கிட்டு வாயேன். ருசி எப்படின்னு பாத்துட்டு விட்டுடறேன்."

"சும்மா கேட்டாத் தருவாரா? மாத்துக்கு ஏதாச்சும் வேணும்."

"நம்மகிட்ட என்ன இருக்கு?"

அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். வீட்டில் பார்ப்பதற்கு ஒன்றுதான் பாக்கி. என் சாய்வு நாற்காலி. நான் அதில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"ஐயையோ! நான் எங்க உக்கார்றது?"

"ஊரை ஆளுற ஜப்பான்காரனே தரையிலதான் உக்கார்றானாம். உங்களுக்கு என்ன?"

ஒரு பக்கம் நாற்காலி. ஒரு பக்கம் நாற்பது வருஷத்துச் சுருட்டு. எழுந்து நின்றேன். நான் முழுசாக நிமிர்வதற்குள் நாற்காலி வேலியைத் தாண்டிவிட்டது.

சாயங்காலம் வாழையிலையில் சுற்றி ஒரு சுருட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். சிவப்பு மோதிரம். தரையில் உட்கார்ந்து பற்றவைத்தேன்.

முருகா! இதல்லவா சுருட்டு! தேக்குப் பெட்டியா? ஒரு தேக்கு மாளிகையே திறந்தது. திராட்சைத் தோட்டம் வந்தது, பாகு காய்ச்சுகிற வீடு வந்தது, ஏலக்காய் வந்தது. என்னுடையதில் இதெல்லாம் எங்கே இருந்தது? விரல் சுடும்வரை விடவில்லை. சுட்ட பிறகும் கொஞ்சம் விடவில்லை.

"எப்படிங்க இருக்கு?"

"செகப்பி, இதைக் குடிச்ச வாயால இனிமே வேற ஒன்னைக் குடிக்க முடியாது. நான் பாத்த மத்ததெல்லாம் இதுக்கு முன்னால வெறும் சருகு!"

"அப்படியா!" என்றாள். அவளுக்கு ஏனோ புரை ஏறிக்கொண்டது. தண்ணீர் குடிக்க உள்ளே போனாள்.

மறுநாள் வேலிக்கு அப்பால் பார்த்தேன். என் நாற்காலியில், நான் சாய்கிற கோணத்திலேயே இராசையா சாய்ந்திருந்தார். கால்களை நாற்காலிக் கையின் நீட்டுக் கட்டையில் போட்டிருந்தார். வாயில் சிவப்பு மோதிரம். பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் இருந்தது. இனிப் பொறுப்பதில்லை. இந்த ஆளை ஒரே அடியில் மொட்டை அடிக்கவேண்டும். யோசனையும் உடனே வந்தது. என்னிடம் இருப்பது கழிசல் என்று அவருக்குத் தெரியாதே!

"செகப்பி, இங்க வா. ஒரு ரகசியம் சொல்றேன். கத்தாதே. நம்ம வீட்டுல ஒரு பெட்டிச் சுருட்டு இருக்கு."

"அடி ஆத்தீ! நம்ம வீட்லயா?"

"துரை எனக்குன்னு தந்தது. அரிசித் தகரத்துல வச்சிருக்கேன். உனக்கே தெரியல பாத்தியா? மேல் அடுக்கு தீந்துபோச்சு, கீழ் அடுக்கு முழுசா அப்படியே இருக்கு. நம்மது ரெண்டு தர்றோம், அவர் ஒன்னு தரட்டும். ரெண்டுக்கு ஒன்னு! கணக்குப் பாத்து அந்த மனுஷன் பல்லை இளிச்சுக்கிட்டு வருவாரு."

"பாவங்க அண்ணன். ஏமாந்துருவாரே."

"ஏமாறட்டும்! என் நாற்காலியில உக்காந்தவன்தானே!"

தகரத்தைத் திறந்து பெட்டியை எடுத்தேன். கனம் சரியாக இருந்தது. நடுப் பலகையை ஒரு மந்திரவாதியைப்போலத் தூக்கினேன்.

கீழே மரவள்ளிக் கிழங்கு. சுருட்டு நீளத்துக்குச் சீவி, வெயிலில் காயவைத்து, பிசகாமல் வரிசையாக அடுக்கியிருந்தது.

நான் செகப்பியைப் பார்த்தேன். அவள் கிழங்கைப் பார்த்தாள்.

"கனம் வேணும்ல. நீங்க அப்பப்ப பெட்டியைத் தூக்கித் தூக்கிப் பாப்பீங்க."

"உனக்கு... உனக்கு எப்படித் தெரியும்? அரிசியே இல்லாத தகரத்தை எதுக்குத் திறந்தே?"

"தினமும் திறப்பேங்க. திறந்து கவுத்துத் தட்டுவேன். மடிப்புல நாலு மணி ஒட்டியிருந்தாக் கஞ்சியில போடலாமேன்னு. ஒருநாள் தட்டினேன், பெட்டி விழுந்துச்சு."

பேச்சை வேறு பக்கம் திருப்பினேன்.

"அப்ப இராசையா குடிச்சது..."

"உங்களதுதான். நீங்க சாப்பிட்ட சோறு அவரோடது."

"நேத்து எனக்குத் தந்தியே, அந்த நாற்பது வருஷத்துச் சுருட்டு?"

"அது கீழ் அடுக்குல கடைசி. ஆசைப்பட்டீங்களேன்னு உங்களுக்குன்னு எடுத்து வச்சேன்."

"என் நாற்காலி?"

"அது இன்னும் ஒரு வாரத்துக்குச் சோறு."

நெற்றியில் அடித்துக்கொண்டேன். "பாவி, துரை திரும்பி வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"மேல் அடுக்குக்கு என்ன சொல்லுவீங்களோ, அதையே கீழ் அடுக்குக்கும் சொல்லிருங்க."

தரையில் சரிந்து உட்கார்ந்தேன். வேலிக்கு அப்பாலிருந்து காற்று வந்தது. தேக்குப் பெட்டி, திராட்சை, பாகு. இப்போது அது இன்னும் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் தாங்கமுடியவில்லை.

செகப்பி கிழங்குத் துண்டுகளை மடியில் அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனவள், வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"சொல்ல மறந்துட்டேங்க. பழைய சரக்கு இன்னும் ஏதாச்சும் வீட்டுல இருக்கான்னு அண்ணன் கேட்டாரு. நீங்க ஒருத்தர்தான் பாக்கின்னேன். அதுக்குக் கிழங்குகூடத் தரமாட்டேன்னுட்டாரு."