தோஹாவில் கேட்ட கட்டைக் குரல்

புதுப் போன் வாங்கியவன் இரண்டு வாரத்துக்கு மனிதனாக இருப்பதில்லை. யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, என்னைத்தான் சொல்கிறேன். அந்த இரண்டு வாரத்துக்குள் பெண் பார்க்கவும் போய்த் தொலைத்தேன்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. மதுரங்குளியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. அதற்குள் மூன்று வீடுகள் என்னை வேண்டாம் என்று சொல்லியிருந்தன. (காரணத்தை யாரும் சொல்லவில்லை. கண்ணாடி சொன்னது. முன்னந்தலையில் முடி உதிர்ந்து வெளித்துக்கொண்டு வந்தது.) நாலாவதாக வந்தது பாலாவியில் சப்ரினாவின் வீடு. அவளுடைய படத்தை உம்மா அலுமாரிக்குள் வைத்த நாளிலிருந்து எனக்கு அலுமாரியில் அடிக்கடி வேலை வந்தது. இந்தப் பெண்ணே கிடைக்க வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டேன்.

ஆனால் எங்கள் வீட்டில் கடைசித் தீர்ப்பு தோஹாவிலிருந்துதான் வரும். அங்கே இருப்பவர் என் மூத்த சகோதரி றிஸ்மியா ராத்தா.

"நான் புள்ளய வீடியோ கோல்ல பாக்காம ஒண்டும் பேச ஏலா" என்று சொல்லிவிட்டார்.

என் பழைய போனில் வீடியோ எடுத்தால் எல்லோரும் தண்ணீருக்கடியில் இருப்பது போலத் தெரிவார்கள். எனவே புத்தளம் டவுனுக்குப் போனேன்.

கடைக்காரர் ஒரு போனைத் துடைத்துக் கையில் தந்தார். "தம்பி, இந்தக் கமராவில நிலாவயும் கிட்டத்தில பாக்கலாம்."

"நிலா வேணா நானா. பாலாவியில சிக்னல் பிடிக்குமா?" என்று அந்த அண்ணனிடம் கேட்டேன்.

"அது போன்ட வேல இல்ல, சிம்ட வேல" என்றார் அவர்.

இரண்டு கம்பனி சிம்களையும் போட்டுக்கொண்டேன். பெண் பார்க்கப் போவதற்கு முதல் நாள், போனைத் தலைக்கு மேலே பிடித்தபடி சப்ரினாவின் வீட்டைக் கடந்து மோட்டார் சைக்கிளில் மூன்று தரம் போய்வந்தேன். இரண்டாவது சிம்மில் சிக்னல் முழுசாக இருந்தது. (ஒருவன் வீட்டைப் படம் பிடித்துக்கொண்டு சுற்றுகிறான் என்று அந்த வீட்டார் அன்றைக்கு கேற்றைப் பூட்டி வைத்திருந்தது பிறகுதான் தெரியவந்தது.)

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு போனோம். உம்மா உள்ளறையில் பெண்களோடு இருந்தார். முன்னறையில் வாப்பா, நான், பெண்ணின் வாப்பா, பெண்ணின் தம்பி அஸ்லம். நான் தலையில் தொப்பி போட்டிருந்தேன். பக்தியான பிள்ளை என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படியே நினைக்க விட்டேன்.

பெண்ணின் வாப்பாவுக்கு உப்பளம் இருந்தது. உப்பைத் தவிர வேறு கதை அவரிடம் இல்லை. அஸ்லம் மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"புதுப் போனா நானா? சவுண்ட் எப்பிடி?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் பத்து நாளாகக் காத்திருந்தேன். அலுமாரியின் மேல் அவனுடைய புளூடூத் ஸ்பீக்கர் இருந்தது. அரை றாத்தல் பாண் ரொட்டி அளவு. போனை அதோடு இணைத்து ஒரு கஸீதாப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். அறை அதிர்ந்தது. பெண்ணின் வாப்பா முகத்தைச் சுளித்தார். உடனே நிறுத்தினேன். ஸ்பீக்கரில் ஒரு நீல விளக்கு மட்டும் மின்னிக்கொண்டே இருந்தது. அதை நான் பார்த்தேன். வடிவாக இருக்கிறது என்று நினைத்தேன்.

அந்த நேரம் உம்மா கதவோரம் வந்து ராத்தாவுக்கு வீடியோ கோல் எடுக்கப் போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

ஸ்பீக்கருக்குள் மைக்கும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. போன் உள்ளறையில் இருந்தது. ஆனால் அதன் வாயும் காதும் முன்னறையில் எங்களோடு உட்கார்ந்திருந்தன. அதாவது, ராத்தா பார்க்கப்போவது சப்ரினாவை. கேட்கப்போவது எங்களை.

"மழ பேஞ்சா எல்லாம் கரைஞ்சிதான் போகும்" என்று பெண்ணின் வாப்பா இருமிக்கொண்டே சொன்னார்.

அலுமாரியின் மேலிருந்து ராத்தாவின் குரல் வந்தது. "என்ன கரைஞ்சி போகும் புள்ள? நான் மாப்புளட ராத்தா. உம்மா, புள்ளக்கிச் சளியா?"

பெண்ணின் வாப்பா கூரையைப் பார்த்தார். "யாரு கதைக்கிற?"

"மாஷா அல்லாஹ், புள்ள நல்ல வடிவு. ஆனா உம்மா, குரல் என்ன இப்பிடிக் கட்டையா இரிக்கி?"

நான் பாய்ந்து போய் ஸ்பீக்கரைத் தூக்கினேன். அதில் மூன்று பொத்தான்கள். நான் அமத்தியது சத்தத்தைக் கூட்டும் பொத்தான். ராத்தா அந்த நேரம் பார்த்து இரகசியம் பேசத் தொடங்கினார். அவருடைய இரகசியம் இப்போது தெரு வரைக்கும் கேட்டது.

"உம்மா, புள்ளக்கிக் கேக்காம சொல்றேன். குரல் எப்பிடி இருந்தாலும் பரவால்ல. நம்மட ஆளுக்கு இதுக்கு மேல கிடைக்கா. மூணு வீட்ல வேணாண்டு சொல்லிட்டாங்க. அவங்க தொப்பியக் கழட்டச் சொல்றதுக்கு முந்திக் கெதியாப் பேசி முடிச்சிருங்க."

என் கை தானாகத் தொப்பிக்குப் போனது. வாப்பா கதிரையில் இருந்த தலையணையை எடுத்து ஸ்பீக்கரின் மேல் அமுக்கினார். தலையணைக்கடியிலிருந்தும் ராத்தா பேசினார். கடைசியில் அஸ்லம்தான் அதைப் பிடுங்கி ஸ்விட்சை அணைத்தான்.

சப்ரினா இனி எனக்கில்லை என்று விளங்கிவிட்டது. அப்போது உள்ளறையில் ஒரு பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், மூச்சு வாங்கிச் சிரிக்கும் சிரிப்பு. போனுக்கு அதன் வாயும் காதும் திரும்பக் கிடைத்திருந்ததால் தோஹாவுக்கும் அது கேட்டது.

"ஆ, இப்பக் குரல் நல்லா இரிக்கி" என்று உள்ளேயிருந்து ராத்தா சொன்னது மெதுவாக வந்தது.

பெண்ணின் வாப்பா என்னை நிதானமாகப் பார்த்தார். "மகன், தொப்பியக் கொஞ்சம் கழட்டுங்க."

கழட்டினேன். தலையைச் சாய்த்து, உப்பின் தரம் பார்ப்பவர் போல அங்குமிங்கும் பார்த்தார்.

"இவ்வளவுதானா? நான் முழுசாப் போயிட்டுதோண்டு பயந்துட்டேன். டீயக் குடிங்க."

நாலாம் நாள் சம்மதம் என்று செய்தி வந்தது. சிரித்தது சப்ரினாதான் என்பதும் அவளே பிடிவாதமாக ஓம் சொன்னாள் என்பதும் நிக்காஹ்வுக்குப் பிறகு தெரிந்தது. (முதல் நாள் வீட்டைச் சுற்றியவனும் நான்தான் என்று அவள் அப்போதே கண்டுபிடித்திருந்தாள்.)

வெள்ளிக்கிழமைகளில் ராத்தா கோல் எடுப்பார். சப்ரினா போனை வாங்கி, ஸலாம் சொல்வதற்கு முன்னால் குரலைக் கட்டையாக்கி, "மழ பேஞ்சா எல்லாம் கரைஞ்சிதான் போகும்" என்பாள். "புள்ளக்கிச் சளியா?" என்று ராத்தா கேட்பார். இது முடிந்தால்தான் மற்றக் கதை.

போன மாதம் சப்ரினாவின் வாப்பாவும், அதாவது என் மாமாவும், ஸ்மார்ட் போன் வாங்கினார். கடைக்கு என்னையும் கூட்டிப்போனார், ஆனால் எதையும் தொட விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வீடியோ கோல் ராத்தாவுக்கு. மாமா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு தரம் இருமிவிட்டு, ஸலாம் சொன்னார்.

ராத்தா முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"இப்பத்தான் மாமா, குரலும் மொகமும் பொருந்துது."