நிழலுக்குத் தைத்த சட்டை

வெட்கப்படுகிறவளால் ஊருக்கு என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்று கேட்பார்கள். நான் ஒரு சர்க்கார் ஆபீசருக்குத் தைத்த சட்டையைப் பார்த்திருந்தால் கேட்க மாட்டார்கள்.

சண்டை முடிந்த சமயம். பட்டாளத்தோடு பர்மாவுக்குப் போன எங்கள் வீட்டுக்காரர் ஒரு காலை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார். இனி ஏர் பிடிக்க முடியாது. இலஞ்சியில் என் அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தோம். உலை வைக்கும்போதெல்லாம் மதினி எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அரிசி அளப்பாள். அப்போதுதான், சண்டையில் அடிபட்டவர்கள் வீட்டுப் பெண்களுக்கென்று சர்க்கார் தென்காசியில் தையல் வகுப்பு வைத்தது. பரீட்சையில் தேறினால் ஒரு மிஷின் நமக்கே சொந்தம். தேறாவிட்டால் மதினியின் பார்வை.

மிஷின் மிதிக்க வந்தது. வெட்ட வந்தது. பித்தான் துளைக்குக் காஜா எடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. (ஐந்தாம் வகுப்பு வரை படித்தும் கிடைக்காத பெயர்.) ஆண்களை நிமிர்ந்து பார்ப்பது மட்டும் வரவில்லை. தென்காசியில் பாதிப் பேரை எனக்குச் செருப்பை வைத்துத்தான் அடையாளம் தெரியும்.

பரீட்சைக்குப் பட்டணத்திலிருந்து ஓர் ஆபீசர் காலையிலேயே வந்துவிட்டார். (சாரல் விழுந்தால்தான் பெரிய ஆபீசர்களுக்கு எங்கள் பக்கம் வேலை வரும்.) யார் என்ன தைப்பது என்று சீட்டுக் குலுக்கினார்கள். கூடப் படித்த செல்லம்மா அக்காவுக்குச் சின்னப் பிள்ளைப் பாவாடை. எனக்கு, அந்த ஆபீசருக்கே சட்டை.

“ஏட்டி, டேப்ப வச்சிக்கிட்டு என்னத்துக்கு நிக்க? போயி அளவெடு” என்றாள் செல்லம்மா அக்கா.

“கழுத்துல எல்லாம் கை வைக்கணுமேக்கா.”

“வையி. கடிச்சா தின்னுருவாரு? ஒனக்கு மிஷினு வேணுமா, வேண்டாமா?”

வேண்டும். ஆனால் கால் நகரவில்லை. ஆபீசர் முற்றத்தில் திரும்பி நின்று டீச்சரோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துச் சாரல் விட்டு வெயில் அடித்தது. அவர் நிழல் முழுசாக என் காலடியில் வந்து விழுந்தது.

வயல்வேலைக்குப் போகிற நாங்கள் நிழலை அடியால் அளந்துதான் நேரம் சொல்வோம். பழகிய வேலை. குற்றாலநாதரே வழி காட்டிவிட்டார் என்று, எதையோ தேடுகிறவள்போலக் குனிந்து, தோளிலிருந்து முழங்கால் வரைக்கும் நிழலை அளந்தேன். கைக்கும் எடுத்தாயிற்று. காலை நிழல் நீளும் என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். இருந்த பதற்றத்தில் அது நினைவுக்கு வரவில்லை. அளவு பெரிதாகத்தான் வந்தது. பட்டணத்து ஆபீசர், ஓங்குதாங்கான ஆள் என்று நினைத்துக்கொண்டேன். நான் பார்த்தது அவர் பூட்ஸை மட்டும்தானே!

அவர் அருவியில் குளிக்கக் குற்றாலம் போனார். நான் தலை நிமிராமல் தைத்தேன். சாயங்காலம் கடைசிப் பித்தானையும் வைத்துவிட்டு, எழுந்து நின்று சட்டையை உதறினேன். காலர் என் கழுத்துக்கு நேரே இருந்தது. கீழ்மடிப்பு தரையில் கிடந்தது.

டீச்சர் தலையில் கை வைத்துவிட்டார். “என்ன பிள்ளை இது! இந்தத் துணிப் பஞ்சத்துல ஒரு வேட்டிக்குக் கண்ட்ரோல் கடையில சனங்க வரிசையில நிக்குதாவ. நீ இம்புட்டுத் துணிய ஒரு சட்டையில போட்டிருக்கியே!”

“கோயில் தேருக்கு அளவெடுத்துட்டா போல” என்றாள் செல்லம்மா அக்கா.

எனக்கு மதினியின் உலை கண்ணுக்குள் கொதித்தது. வாசலில் கார் சத்தம் கேட்டது.

வழக்கம்போல் கீழேதான் பார்த்தேன். பூட்ஸைக் காணோம். ஈரம் சொட்டும் வெறுங்கால். கொஞ்சம் மேலே பார்த்தால் ஒரு துண்டு. அவ்வளவுதான்!

“குரங்கும்மா!” என்று ஆபீசரோடு போன டவாலிச் சேவகர் மூச்சு வாங்கினார். “உடுப்பெல்லாம் பையோட தூக்கிட்டுப் பாறை மேல ஏறிட்டு. பூட்ஸைக்கூட விடல. பெட்டியோ காலையிலேயே ரயில்ல திருநெல்வேலிக்குப் போயிட்டு.”

ஆபீசருக்குப் பல் கிட்டியது. “எதாவது... துணி கொடுங்கம்மா.”

வகுப்பில் தைத்துக் கிடந்தவை ரவிக்கை, பாவாடை, குழந்தைச் சொக்காய். எல்லாக் கண்ணும் என் கைக்குத் திரும்பியது.

வாங்கி மாட்டினார். பாதத்தையும் மூடியது. நடுக்கம் நின்றது. கையைத் தூக்கினார், குனிந்தார், உட்கார்ந்தார். ஒரு தையல் விடவில்லை.

“யார் தைச்சது?”

செல்லம்மா அக்கா என்னை முன்னே தள்ளிவிட்டாள். அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்தேன். ஆபீசர் என் காது உயரம்தான் இருந்தார்!

“எப்படிம்மா அளவெடுத்தே?”

“காலையில... உங்க நிழல்ல ஐயா.”

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு கூரை அதிர்ந்தது. நானும் சிரித்தேன், ஓர் ஆண்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

“காலையில போட்டிருந்தா தப்பு. இப்போ என் அளவு இதுதான். நீ பாஸ்!” என்றார்.

அதே சட்டையில்தான் ரயில் ஏறினார். ஸ்டேஷனில் இரண்டு பேர் பாதிரியார் என்று நினைத்து ஸ்தோத்திரம் சொன்னார்களாம்.

மிஷின் மாட்டுவண்டியில் இலஞ்சிக்கு வந்தது. முதல் ரவிக்கை மதினிக்கு. அன்று அவள் எங்கள் முகத்தைப் பார்க்காமல் தாராளமாக அரிசி அளந்தாள். பிறகு தென்காசியில் கடை போட்டேன். “கையைத் தூக்குங்க” என்று போலீஸ்காரர் கழுத்திலும் டேப்பைப் போட்டேன்.

நான் டேப்பை எடுத்தால் போதும், எங்கள் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்: “ஏட்டி, வெயிலு சாஞ்சிட்டான்னு பாத்துக்கோ.” அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கேலி போகவில்லை. இன்றைக்கும் காலையில் துணியோடு வருகிறவர்கள் வாசலிலேயே நின்று கேட்கிறார்கள்:

“ஆச்சி, இப்பவே அளவு குடுக்கவா, இல்ல உச்சிவெயிலுக்கு வரவா?”