தொப்பிக்கு லேபிள் ஒட்டுகிறவனைப் பார்த்தேன்

அன்பு மகளுக்கு,

அப்பா தன் கையாலேயே எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். என் இடது முட்டி மட்டும் எங்களோடு ஒத்துப்போகவில்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இவ்வளவு எழுதவே ஒரு காலைப்பொழுது ஆகிவிட்டது. விரல் வலிக்கிறது, ஆனால் நிறுத்த மனமில்லை.

உன் கம்பெனியில் உன்னை ஓடுகிற பெல்ட்டில் நிற்கிற வேலையிலிருந்து எடுத்து, கடிகாரம் பிடித்து மற்றவர்களுக்கு நேரம் பார்க்கிற வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், என்ன செய்யட்டும் என்று போனில் கேட்டாய். "இதுல என்ன யோசனை, உடனே ஒத்துக்கம்மா" என்றேன். அந்தப் பேச்சை நான் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. காரணம் ஒரு சினிமா.

நான் எழுதப் படிக்கப் பழகுகிற முதியோர் வகுப்பு ஆசிரியையம்மா சனிக்கிழமை எங்களை நூலக அரங்குக்கு அழைத்துப்போய் ஒரு பழைய மௌனப் படம் காட்டினார். பேச்சே கிடையாது, இடையிடையே கறுப்புத் திரையில் எழுத்து வரும். அதைத் தமிழில் மாற்றி வைத்திருந்தார். நாங்களே படித்துக்கொள்ள வேண்டுமாம். என் பக்கத்தில் உன் பீப்பாய் மாமா. டப்பாத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் எனக்கு அடுத்து நின்று, நான் வைத்த மூடியைத் தட்டி இறுக்கியவர்.

படத்தில் ஓர் ஒல்லி மனிதன். தொப்பித் தொழிற்சாலையில் வேலை. பெல்ட்டில் தொப்பி வரும்; லேபிளை நக்கி உள்ளே ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். பின்னால் மேற்பார்வையாளர் கடிகாரத்தோடு நிற்கிறார், பெல்ட்டின் வேகம் ஏறிக்கொண்டே போகிறது, அவன் தொப்பியில் ஒட்டுகிறான், தன் மூக்கில் ஒட்டுகிறான், மேற்பார்வையாளர் நெற்றியில் ஒட்டுகிறான், சாப்பாட்டு மணி அடித்தால் ரொட்டியில் ஒட்டுகிறான், வீட்டுக்குப் போய்த் தூங்குகிற மனைவியின் கன்னத்திலும் ஒன்று. நாங்கள் சிரித்த சிரிப்பில் பெஞ்சு ஆடியது. சிரித்தபடியே குனிந்தால், என் வலது கை தொடையை இரண்டிரண்டு தரமாக அழுத்திக்கொண்டிருக்கிறது! மூடி வைத்து, இரண்டு அழுத்து. பீப்பாய் மாமாவின் கையோ முழங்காலைத் தட்டிக்கொண்டிருக்கிறது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது தூக்கினால் போதும், உன் உச்சந்தலையை இரண்டு தரம் அழுத்துவேன். "விடுங்க, அது புள்ள, டப்பா இல்ல" என்று அம்மா பிடுங்கிக்கொள்வாள். இத்தனை நாள் அதை வேடிக்கை என்றே நினைத்திருந்தேன். நான் பிறப்பதற்கு முன்பே, எங்கோ யாரோ என் கையைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்களே! அந்த மனிதன் தடுமாறுவதில்கூட ஒரு பிசகு இல்லை. அப்படிப் பிசகாமல் பிசக எத்தனை நாள் பழகினானோ!

எழுத்து வந்தது. "என்னய்யா போட்டிருக்கு?" என்றார் பீப்பாய்.

"இரு, 'வே' வந்திருக்கு."

"நீ 'வே'லயே இரு. அங்க ஆளு பெல்ட்டுல விழுந்துட்டான்!"

நிஜமாகவே விழுந்திருந்தான். தொப்பிகளோடு தொப்பியாகப் படுத்தபடி அழுத்து இயந்திரத்துக்குள் போகிறான். மேற்பார்வையாளர் கடிகாரத்தையே பார்க்கிறார். சினிமா என்பது எனக்கு மறந்துபோனது. ஓடிப்போய்ச் சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை ஓங்கி அறைந்தேன். எங்கள் தொழிற்சாலையிலும் அப்படி ஒன்று உண்டு. அமுக்கினால் பெல்ட் நிற்கும். அமுக்கியவனையும் நிற்கவைத்து, அவனால் எத்தனை டப்பா குறைந்தது என்று எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள். பீப்பாயின் சுண்டுவிரல் போன அன்றுகூட நான் அதை அமுக்கவில்லை. நாலு எட்டுத் தூரம்தான். கடிகாரக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

அரங்கிலிருந்தது தீ மணி. நூறு பேரும் தெருவுக்கு ஓடினோம். தீயணைப்பு வண்டி வந்தது. "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். "படத்துல ஒருத்தர் மாட்டிக்கிட்டார் சார்" என்றேன். தெருவே சிரித்தது. பீப்பாய் மட்டும் சிரிக்கவில்லை. என் தோளைப் பிடித்து, "அமுக்கிட்டியேய்யா" என்றார்.

உள்ளே திரும்பியதும் ஆசிரியையம்மா திட்டவில்லை. அந்த எழுத்து வந்த இடத்தில் படத்தை நிறுத்தி, "படிங்க ஐயா, அவசரமில்ல" என்றார். அரங்கமே காத்திருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன்: "வேகம் போதாது." எனக்காக ஓர் ஓட்டம் நின்றது என் வாழ்நாளில் அன்றைக்குத்தான், மகளே.

அதனால் அந்தக் கடிகாரத்தை வாங்காதே. நீ நல்ல பெண்தான். ஆனாலும் கையில் அது வந்துவிட்டால் கண் ஆட்களை விட்டு முள்ளுக்குப் போய்விடும்.

நீங்கள் மூவரும் வயிறாரச் சாப்பிட்டு, கண் நிறையத் தூங்கி, நூறு வயது இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது அம்மா சொல்கிறாள், நீ அந்த வேலையை வேண்டாமென்று சொல்லி ஒன்பது நாள் ஆகிறதாம். "அன்னிக்கே சொல்லக்கூடாதா?" என்றேன். "சொன்னா எழுதறத நிறுத்திடுவீங்களே" என்கிறாள். ஆக, இந்தக் கடிதத்தால் உனக்கு ஆவது ஒன்றுமில்லை. இருந்தாலும் அனுப்புகிறேன். பதிலைப் போனில் சொல்லாதே, எழுது. நானே படித்துக்கொள்வேன்.