கறுப்புச் சிப்பாய் எங்கே போனான்?

வருகிற வெள்ளிக்கிழமை ஆம்பூரே தன்னை அண்ணாந்து பார்க்கப் போகிறது என்று கோதண்டராமன் திங்கட்கிழமை காலையில் முடிவு கட்டினார். அப்போது அவர் வாயில் வேப்பங்குச்சி இருந்தது; இடுப்பில் லுங்கி நழுவிக்கொண்டிருந்தது. அதனாலென்ன, முடிவு முடிவுதான்.

விஷயம் இது. அவர் கிடங்குக் குமாஸ்தாவாக இருக்கிற தோல்ஷாப்புக்குச் சனிக்கிழமை சீமையிலிருந்து ஒரு சாயப்பெட்டி வந்தது. பெட்டிக்குள் திணித்திருந்த இங்கிலீஷ் பேப்பரில், என்றைக்கோ நடந்த ஒரு சாம்பியன் சதுரங்க ஆட்டம் முழுசாக அச்சாகியிருந்தது. நாற்பத்தொரு நகர்த்தல். கோதண்டராமன் அதை எல்லார் முன்னாலும் தூக்கிப் பிடித்து, "வெள்ளிக்கிழமை லீவுதானே? சாயங்காலம் ஆறு மணிக்கு வாசகசாலைக்கு வாங்க. இந்த ஆட்டத்தை அக்குவேறு ஆணிவேறா விளக்கறேன்" என்று சொல்லிவிட்டார். மானேஜர்கூட வருவதாகச் சொன்னார்.

ஏன் சொன்னார்? எதிரே அப்துல் ஹமீத் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர். தோலைத் தடவியே தரம் சொல்லுகிறவர். ஆறு வருஷமாகச் சாப்பாட்டு வேளையில் கோதண்டராமனைச் சதுரங்கத்தில் தோற்கடித்து வருகிறவர். ஒருநாள் நூற்றிரண்டு டிகிரி ஜுரத்தோடு வந்து தோற்கடித்துவிட்டுத்தான் டாக்டரிடம் போனார்.

ஆடித்தான் ஜெயிக்க முடியவில்லை, பேசியாவது ஜெயிப்போம் என்பது கோதண்டராமன் கணக்கு.

வீட்டில் மனைவி தேவகி குழந்தை சுந்தரிக்குத் தலை வாரிக்கொண்டே கேட்டாள்.

"வெள்ளிக்கிழமையா? அன்னிக்கு ஒடுகத்தூர்ல சுந்தரிக்கு மொட்டை, காதுகுத்து. ஞாபகம் இருக்குதா?"

"தள்ளி வெச்சுக்கலாமே."

"ரெண்டு தபா தள்ளியாச்சு. மொத தபா உங்களுக்குப் பல்வலி. ரெண்டாவது தபா, பல்வலி போச்சுன்னு சினிமா. இதை விட்டா ஆடி பொறந்துரும். எங்கண்ணன் ராஜவேலு ஒரு வருஷமா மடியை விரிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு."

"அப்ப நீயும் கொழந்தையும் போய்ட்டு வாங்க."

"பெத்தவர் எங்கன்னு நாலு பேர் கேட்டா? மாப்பிள்ளைக்குச் சதுரங்கம் கண்டிருக்குது, வேப்பெலைல படுக்க வெச்சிருக்கோம்னு சொல்லட்டா?"

கோதண்டராமன் இங்கிலீஷ் பேப்பரைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போனார். சாம்பியன்கள் இதற்கெல்லாம் நிற்பதில்லை.

ஷாப்பு டைப்பிஸ்ட் சம்பந்தம் மாடிப்படி இறங்குகிற அவசரத்தில் பேப்பரில் இருந்த குறிகளுக்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்திருந்தார். "கே-ன்னா ராஜா, க்யூ-ன்னா மந்திரி, பி-ன்னா சிப்பாய். நம்பர் போட்டிருந்தா எத்தினியாவது வரிசைன்னு அர்த்தம். அவ்ளோதான்!" அதை வைத்து நாற்பத்தொன்றையும் ஒரு நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் பலகையை விரித்து, வெள்ளைக் காய்களின் பக்கம் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

முதல் நகர்த்தல். வெள்ளை: ராஜாவுக்கு முன்னால் இருக்கிற சிப்பாய், நாலாவது வரிசைக்கு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. வைத்தாயிற்று.

கறுப்பு: ராஜாவுக்கு முன்னால் இருக்கிற சிப்பாய், நாலாவது வரிசைக்கு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு...

அங்கே ஏற்கெனவே வெள்ளைச் சிப்பாய் உட்கார்ந்திருந்தான்.

மறுபடி எண்ணினார். அதே கட்டம். வேலூர் பஸ்ஸில் மாதிரி ஒருவர் மடியில் ஒருவர்தான் உட்கார வேண்டும். அரைமணி நேரம் யோசித்தார். பிறகு தொடையில் அடித்துக்கொண்டார்.

"தேவகி! கறுப்பன் மொத ஆட்டத்துலயே வெட்டிட்டாண்டி! மூணு கட்டம் தாவி நேரா வந்து வெட்டறான்! சாம்பியன்னா சும்மாவா!"

"சிப்பாய் ஒரு அடி, மிஞ்சினா ரெண்டு அடிதானே வெப்பான்?"

"அது ஆம்பூர் சிப்பாய். இது சீமைச் சிப்பாய்."

இரண்டாவது நகர்த்தலில் கறுப்புக் குதிரை அஞ்சு வரிசை பறந்து வந்து வெள்ளைக்காரன் வீட்டு வாசலில் நின்றது. சீமைக் குதிரை, பறக்காதா? அஞ்சாவதில் 'ஓ-ஓ' என்று போட்டிருந்தது. அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார். அடி தாங்காமல் ஆட்டக்காரன் வாய்விட்டு அழுததையும் பேப்பர்க்காரன் விடாமல் எழுதியிருக்கிறான் என்று தெளிந்தார். இருபதாவது நகர்த்தலில் பலகையில் ஒரு ராஜாவும் மூணு சிப்பாயும்தான் மிச்சம். நோட்டிலோ இன்னும் இருபத்தொன்று பாக்கி. இல்லாத மந்திரி இல்லாத யானையை வெட்டிக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை முழுக்க அவருக்குச் சாம்பாருக்கும் ரசத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மோரை ஊற்றிக்கொண்டு, "யாரு வெட்டினது?" என்றார்.

"சமைக்க ஒரு காய் இல்ல, இங்க முப்பத்திரண்டு காயைக் கொட்டி வெச்சுக்கிட்டு! ஏங்க, நான் ஒண்ணு கேக்கட்டா? ரெண்டு பேரும் ஒரே பக்கமா உக்காந்தா ஆடுவாங்க?"

"உஷ்! கொழப்பாதே. பத்தாவதுல ராஜா காணாமப் போய்ட்டான், அவனைத் தேடிக்கிட்டு இருக்கேன்."

வியாழக்கிழமை சாயங்காலம் ஹமீத் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "இன்னா கோதண்டம், நாளைக்குப் பேச்சு ஜோரா? மானேஜர் முன்வரிசைக்கு நாற்காலி போடச் சொல்லிட்டாரு."

"ஜோர்தான் பாய்" என்றார் கோதண்டராமன். நாளைக்கு மானேஜர் முன்னால் பறக்கிற குதிரையை எப்படிக் காட்டுவது? ஹமீத் சிரிக்கிற சிரிப்பு ஆறு வருஷம் கேட்குமே!

ஹமீத் தலை மறைந்ததும் தேவகி வந்தாள். "நான் ஒண்ணு சொல்றேன், கேப்பீங்களா? காலைல கொழந்தையைத் தூக்கிக்கிட்டு ஒடுகத்தூர் வாங்க. காது குத்தி முடிஞ்ச கையோட, உங்க கறுப்புச் சிப்பாய் எங்க போனான்னு நான் சொல்றேன்."

"நீயா? உனக்கு இன்னாடி தெரியும்?"

"தெரியலைன்னா, அப்புறம் நீங்க இந்தப் பலகையைக் கட்டிக்கிட்டே கெடந்தாலும் நான் வாயத் தொறக்க மாட்டேன்."

முழுகுகிறவனுக்கு எந்தக் கை என்ன? கோதண்டராமன் கணக்குப் போட்டார். காலை பஸ்ஸில் போனால் பத்துமணிக்குள் காதுகுத்து. இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் அஞ்சுக்கு ஆம்பூர். ஆறுக்கு வாசகசாலை.

"ரெண்டு மணி பஸ்ஸுலதானே நம்ம கல்யாணத்தப்ப திரும்பினோம்?"

"ஆமா, அதுலதான்" என்றாள் தேவகி, குழந்தைக்கு மூக்கைத் துடைத்தபடி.

வெள்ளிக்கிழமை ராஜவேலுவின் மடிக்கு ஒருவழியாக வேலை வந்தது. சுந்தரி போட்ட கூச்சலில் தென்னை மரத்துக் காக்கை எல்லாம் பக்கத்து ஊருக்குப் போயிற்று. மொட்டைத் தலையில் சந்தனம், காதில் பொட்டுக் கம்மல், கையில் முறுக்கு என்று குழந்தை அடங்கியதும், கோதண்டராமன் மனைவியைப் பந்தலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"சொல்லுடி."

"செவ்வாக்கெழமை நீங்க ஷாப்புக்குப் போனப்புறம் இது சோறு திங்க மாட்டேன்னு ஒரே அழுகை. பலகைக்கு அந்தாண்ட உக்கார வெச்சேன். ஒரு வாய் தின்னா ஒரு காய் நகத்தலாம்னு சொல்லி, உங்க நோட்டைப் பாத்து ஆட வெச்சேன். வெள்ளைக்கு என் பக்கத்துலேர்ந்து எண்ணினேன். கறுப்பு அவளுதாச்சே, அவ பக்கத்துலேர்ந்து எண்ணினேன். 'ஓ-ஓ' வந்தப்ப ராஜாவையும் யானையையும் எடம் மாத்தினேன். ஒண்ணும் இடிக்கல, ஒண்ணும் பறக்கல. நாப்பத்தொண்ணும் முடிஞ்சுது, கிண்ணமும் காலி."

கோதண்டராமன் கண்ணை மூடினார். அவரவர் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும்! கறுப்புச் சிப்பாய் வெள்ளைச் சிப்பாய்க்கு நேர் எதிரே வந்து மரியாதையாக நின்றான். குதிரை தரையில் இறங்கியது. காணாமல் போன ராஜா வீடு திரும்பினான். மூன்று நாள் குழப்பம் மளமளவென்று வரிசையில் வந்து உட்கார்ந்தது. மானேஜர் கை தட்டுவது காதில் கேட்டது. ஹமீத் முகம் சுருங்குவது கண்ணில் தெரிந்தது.

"என் தங்கமே!" என்று பையைத் தூக்கினார். "நான் கெளம்பறேன், ரெண்டு மணி பஸ்ஸுக்கு."

"அந்த பஸ்ஸைப் போன மாசமே நிறுத்திட்டாங்களே. இனிமே நாளைக் காலைலதான்."

"ஐயையோ! நேத்தே ஏண்டி சொல்லல?"

"நேத்து நீங்க கல்யாணத்தப்ப எதுல திரும்பினோம்னுதானே கேட்டீங்க?"

"ஆறு மணிக்கு அத்தினி பேரும் வந்து உக்காந்திருப்பாங்களேடி! மானேஜர் வருவாருடி!"

"வரட்டுமே. நேத்தே பக்கத்து வூட்டு நசீமுன்னிசா அக்காவை எதிர்ல உக்கார வெச்சு முழுசா ஆடிக் காட்டிட்டேன். அவங்க வூட்டுக்காருதான் இன்னிக்கு விளக்கப் போறாரு. கவலைப்படாதீங்க, ஆரம்பத்துல ஒருவாட்டி உங்க பேரையும் சொல்லச் சொல்லியிருக்கேன்."